புல்தரையில் மண் எழும்பினால்: நேட்டால் தோட்டங்களின் வளைவாழ் விலங்குகளோடு என் அனுபவம்

தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நேட்டால் மாநிலத்து வடகடற்கரைப் பகுதியில் செப்டம்பர் இறுதியிலோ அக்டோபரிலோ முதல் நல்ல மழை பெய்த மறுநாள் காலையில், பல வீடுகளின் புல்தரையில் ஒரே காட்சியைக் காணலாம். முந்தைய மாலை வரை சமமாகக் கிடந்த தரையில், மணிக்கட்டின் அகலத்துக்கு ஒரு மண்வரம்பு வளைந்து நெளிந்து எழும்பியிருக்கும். அதன் முதுகு நெடுகிலும் மண் வெடித்திருக்கும். டொங்காட்டிலும் வெருலத்திலும் நம்மவர் வீடுகளில் அன்றைய பேச்சு அதைப் பற்றியதாகத்தான் இருக்கும். "தம்பி, மோல் வந்து தோட்டத்தையே புரட்டிப் போட்டுட்டுது. அதுக்கு மருந்து எங்க கிடைக்கும்?" என்று பக்கத்து வீட்டு அக்கா மதிலருகே நின்று கேட்பார். நான் பதிலுக்குக் கேட்பது எப்போதும் ஒன்றே: "எதையாவது தின்றிருக்கிறதா அக்கா, இல்லை மண்ணை மட்டும் தூக்கியிருக்கிறதா?" இந்தக் கேள்விக்கு விடை தெரிந்துவிட்டால் செய்ய வேண்டியதில் பாதி தெளிவாகிவிடும். இங்கு பல ஆண்டுகளாகக் காய்கறித் தோட்டம் வைத்து வரும் அனுபவத்தில், மண்ணுக்கடியில் வாழும் விலங்குகளைப் பற்றி நான் கற்றவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஐரோப்பியத் தோட்டக்கலை நூல்களில் படமாக வரும் உண்மையான அகழெலி சகாராவுக்குத் தெற்கே ஆப்பிரிக்காவில் எங்குமே இல்லை. நம் ஊரில் மோல் என்று பொதுவாகச் சொல்லப்படுபவை ஒன்றுக்கொன்று உறவே இல்லாத இரண்டு வகை விலங்குகள். ஒன்று பொன் அகழெலி. அது புழு பூச்சிகளை மட்டும் உண்பது, செடியைத் தொடாது. மற்றொன்று மோல்-ராட், அது கொறித்துண்ணும் இனத்தைச் சேர்ந்தது, கிழங்கும் வேருமே அதன் உணவு. முதலாவது நம் தோட்டத்துக்கு ஊதியம் வாங்காத காவல்காரன் என்றே சொல்வேன். இரண்டாவது, கிழங்கு பயிரிடுபவருக்கு உண்மையான இழப்பை ஏற்படுத்தக்கூடியது. இரண்டையும் ஒரே கண்ணால் பார்த்து ஒரே மருந்தை வைப்பதால்தான், தீங்கு செய்யாதது செத்துப்போக, தீங்கு செய்வது அப்படியே இருந்துவிடுகிறது.

பொன் அகழெலியை உயிரோடு பார்த்தவர்கள் குறைவு. பெரும்பாலும் வீட்டுப் பூனைதான் அதை வெளியே கொண்டுவரும். கொன்றாலும் தின்னாமல் வாசற்படியில் போட்டுவிட்டுப் போகும். எங்கள் பூனை ஒரு முறை உயிரோடு கொண்டுவந்ததைத் துணியில் வாங்கிக் கையில் வைத்துப் பார்த்தேன். உள்ளங்கையில் அடங்கும் உருவம். கண் இருக்க வேண்டிய இடத்தில் கண் இல்லை. தோலும் மயிரும் மூடி வளர்ந்திருந்தன. காதுமடல் இல்லை, வால் இல்லை. எது முன்பக்கம் என்பதை மூக்கின் நுனியிலிருந்த வெளிறிய தோல்தட்டைக் கொண்டுதான் அறிய முடிந்தது. செம்பழுப்பு மயிரை வெளிச்சத்தில் திருப்பியபோது அதன் மேல் செம்பின் பளபளப்பு ஓடியது. கோணத்தை மாற்றினால் அதே இடத்தில் இலேசான பச்சை தெரிந்தது. முன்கால்களில் ஒரு நகம் மட்டும் மற்றவற்றை விடப் பன்மடங்கு பெரிதாக, களைக்கொத்தின் நுனியைப் போல வளைந்திருந்தது. அவ்வளவு சிறிய உடலுக்கு அத்தனை வலிமை எங்கிருந்து வருகிறது என்று வியக்கும்படி, மூடிய விரல்களுக்கிடையே மூக்கை நுழைத்து நெம்பிப் பிரித்தது. கறிவேப்பிலை மரத்தடியின் ஈரமண்ணில் இறக்கிவிட்டதும், மூச்சு விடும் நேரத்துக்குள் மண்ணுக்குள் மறைந்துவிட்டது.

கடற்கரைப் பகுதியிலும் மிட்லாண்ட்ஸ் மேட்டு நிலத்திலும் நம் தோட்டங்களில் அதிகம் காணப்படுவது ஹாட்டன்டாட் பொன் அகழெலி என்ற இனம். பொன் அகழெலிகளில் மொத்தம் 21 இனங்கள் அறியப்பட்டுள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை தென்னாப்பிரிக்காவில் வாழ்கின்றன. உருவத்தில் எலியை ஒத்திருந்தாலும் பிறப்பில் இவை எலிக்கு உறவில்லை. யானை, கடற்பசு, கறையான் தின்னும் ஆர்ட்வார்க், மடகாஸ்கரின் டென்ரெக் ஆகியவை அடங்கிய ஆப்பிரிக்கத் தொல்குடும்பத்தைச் சேர்ந்தவை இவை. நம் வீட்டுப் புல்தரைக்கடியில் யானையின் தூரத்து உறவு ஒன்று மண்புழு தேடித் திரிகிறது என்று பிள்ளைகளிடம் சொன்னால், அதன் பிறகு அவர்கள் அந்த மண்வரம்பை மிதிக்காமல் தாண்டிப் போகிறார்கள். நாட்டின் வடமேற்குக் கடலோரத்தில் போர்ட் நோலோத் அருகே 1930களுக்குப் பிறகு எவர் கண்ணிலும் படாமல் போன டி விண்டன் பொன் அகழெலியை, எண்டேஞ்சர்டு வைல்டுலைஃப் டிரஸ்ட் என்ற காட்டுயிர்ப் பாதுகாப்பு அமைப்பும் பிரிட்டோரியா பல்கலைக்கழகமும் சேர்ந்து தேடிக் கண்டுபிடித்த செய்தி 2023 நவம்பரில் வெளியானது. மோப்பம் பிடிக்கப் பயிற்சி பெற்ற ஜெஸ்ஸி என்ற நாயும், மணலில் விலங்கு உதிர்த்துச் சென்ற மரபணுத் தடயமும் சேர்ந்து அதைக் காட்டிக்கொடுத்தன. அத்தனை பேர் அவ்வளவு முயன்று தேடிய விலங்கின் நெருங்கிய உறவினத்தை நாம் மருந்து வைத்துக் கொல்கிறோம் என்பதே என் வருத்தம்.

'எலி வளையானாலும் தனி வளை வேண்டும்' என்ற நம் பழமொழிக்கு ஏற்ப நடப்பது, எலியே அல்லாத இந்தப் பொன் அகழெலிதான். பெரும்பாலும் தனித்தே வாழும். தன் வளைக்குள் இன்னொன்று வந்தால் சண்டையிட்டுத் துரத்தும். புல்தரையில் நாம் காணும் மண்வரம்பு அதன் வீடு அன்று, இரை தேடும் பாதை. மேல்மண்ணுக்குச் சற்றுக் கீழே முதுகால் மண்ணைத் தூக்கிக்கொண்டே நகர்வதால் அந்த வரம்பு எழுகிறது. உறங்கும் அறையும் குட்டி வளர்க்கும் அறையும் ஆழத்தில் இருக்கும். மழைக்குப் பின் வரம்புகள் பெருகுவதற்குக் காரணம் எளிது: மண் இளகியிருக்கிறது, மண்புழுக்களும் மேலே வந்திருக்கின்றன. மிட்லாண்ட்ஸில் பனி உறையும் குளிர்காலத்தில் இவை உடல்வெப்பத்தைக் குறைத்துக்கொண்டு மரத்த நிலைக்குப் போவதுண்டு. ஆகவே ஜூன், ஜூலை காலைகளில் குளிர்ந்து அசைவற்றுக் கிடக்கும் ஒன்றைக் கண்டால், செத்துவிட்டது என்று உடனே குப்பையில் எறிந்துவிட வேண்டாம். பூனையும் நாயும் எட்டாத இடத்தில், தளர்ந்த மண்ணின் மேல் காய்ந்த இலைகளால் மூடி வைத்துச் சில மணி நேரம் பொறுத்துப் பாருங்கள்.

புல்தரை மேடுபள்ளமாகிறது என்ற குறை நியாயமானதே. அதற்கு நான் செய்வது, மண் ஈரமாக இருக்கும்போதே வரம்பின் மேல் காலை வைத்து மெல்ல அழுத்திவிட்டு, அன்று மாலை அந்த இடத்துக்குத் தண்ணீர் விடுவது. கிகுயு புல்லாக இருந்தால் வேர் மீண்டும் பற்றிக்கொண்டு, பார்த்துக்கொண்டிருக்கும்போதே தடம் மறைந்துவிடும். வரம்பு வெட்டியதால் வேர் காற்றில் தொங்கும் நாற்றுகள் வாடலாம். அவற்றையும் அழுத்தி நீர் விட்டால் பிழைத்துக்கொள்ளும். நாற்றைப் பொன் அகழெலி தின்றதாக நினைத்துக்கொண்டு பலர் கோபப்படுவது இந்த இடத்தில்தான். இலையும் தண்டும் முழுதாக இருந்து செடி வாடியிருந்தால், அது வேர்ப்பிடிப்பு தளர்ந்ததால் வந்த வாட்டம் மட்டுமே. இன்னொன்றும் உண்டு. வரம்பு விரல் பருமனுக்கு மேல் இல்லாமல் மிக மெல்லியதாக இருந்தால் அது எந்த மோலும் அன்று, நம் ஊர் வயல்களில் நாம் அறிந்த பிள்ளைப்பூச்சி. அது புல்வேரை அறுக்கக்கூடியது. ஒரு வாளித் தண்ணீரில் சிறிது பாத்திரம் கழுவும் சோப்பைக் கரைத்து அந்த இடத்தில் ஊற்றினால், பிள்ளைப்பூச்சிகள் தாமே மேலே வரும். ஹதீதா பறவைகள் அவற்றைக் கொத்தித் தின்னும். பிள்ளைப்பூச்சியையும் வேர்ப்புழுக்களையும் மண்ணுக்கடியில் தேடித் தின்பதும் பொன் அகழெலிதான் என்பதால், அதைக் கொன்றுவிட்டுப் பூச்சிமருந்து வாங்கப் போவதில் எந்தப் பொருளும் இல்லை.

மோல்-ராட்டின் கதை வேறு. அதை நான் நன்கு அறிந்தது பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கு மேலே என் பெரியப்பா பயிரிடும் நிலத்தில். அவருடைய பாட்டனார் ஒப்பந்தக் கூலியாக வந்து, ஒப்பந்தம் முடிந்த பிறகு குத்தகை நிலத்தில் காய்கறி போட்டவர். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பனில் வந்து சேர்ந்ததிலிருந்து இந்த மாநிலத்தின் காய்கறிக் கூடையைப் பெரிதும் நிரப்பியவர்கள் அப்படிப்பட்ட குடும்பங்கள்தாம். பெரியப்பா இன்றும் சர்க்கரைவள்ளி, உருளை, காரட், பீட்ரூட், மடும்பி எனும் சேப்பங்கிழங்கு என்று மண்ணுக்கடியில் விளைபவற்றையே நம்பியிருக்கிறார். அங்கே புல்தரை வரம்புகள் இல்லை. பாத்திகளின் ஓரத்தில் ஈரமண் குவியல்கள் வரிசையாக எழுந்திருக்கும். ஒவ்வொரு குவியலிலும் மண், உருளை வடிவக் கட்டிகளாக ஒன்றன்மேல் ஒன்று தள்ளப்பட்டிருக்கும். மேலே துளை எதுவும் திறந்திருக்காது. காரட்டின் தழை நிமிர்ந்து பச்சையாகத்தான் நிற்கும். பிடித்து இழுத்தால் கையோடு வந்துவிடும், கீழே கிழங்கு இருக்காது. சில சமயம் செடியே கண்ணெதிரில் சிறிது சிறிதாக மண்ணுக்குள் இறங்குவதையும் காணலாம். இந்த மூன்று அடையாளங்களும் சேர்ந்திருந்தால் அங்கிருப்பது மோல்-ராட், ஐயமே வேண்டாம்.

அது உள்ளே இருக்கிறதா என்று உறுதிசெய்வதற்குப் பெரியப்பா காட்டிய வழி, பின்னர் நான் படித்த ஆய்வாளர்களின் வழியோடு அப்படியே ஒத்துப்போனது. இரண்டு புதிய குவியல்களுக்கு நடுவே ஓர் இரும்புக் கம்பியைக் குத்திப் பார்த்தால், வளைக்கு நேர் மேலே கம்பி சட்டென்று உள்ளே இறங்கும். அந்த இடத்தில் மண்வெட்டியால் ஒரே வெட்டில் வளையைத் திறந்துவிட்டு, நிழல் விழாதபடி சற்றுத் தள்ளி அசையாமல் உட்கார வேண்டும். மோல்-ராட் தன் வளைக்குள் காற்றும் வெளிச்சமும் நுழைவதைப் பொறுத்துக்கொள்ளாது. சில நேரம் உடனே வரும், சில நேரம் அரை நாள் ஆகும். ஆனால் உயிர் நடமாட்டமுள்ள வளையானால் கட்டாயம் வந்து அடைக்கும். முதலில் இருட்டுக்குள் ஒரு சாம்பல் மூக்கும் வெண்மஞ்சள் பற்களும் தென்படும். அந்தப் பற்கள் உதட்டுக்கு வெளியே நிற்கின்றன. உதடு பற்களுக்குப் பின்னால் மூடிக்கொள்வதால், பல்லால் மண்ணைக் கடித்துத் தோண்டினாலும் வாய்க்குள் மண் போகாது. பிறகு அது உள்ளேயே திரும்பிக்கொண்டு, பின்னங்கால்களால் மண்ணைத் தள்ளித் திறப்பை அடைத்துவிட்டுப் போய்விடும். மறுநாளும் திறந்தது திறந்தபடியே இருந்தால் அது கைவிடப்பட்ட வளை; அங்கே எதுவும் செய்யத் தேவையில்லை. ஆய்வாளர்கள் உயிரோடு பிடிக்கப் பயன்படுத்தும் ஹிக்மன் பொறியும் இந்த அடைக்கும் பழக்கத்தை நம்பித்தான் வைக்கப்படுகிறது.

நேட்டாலின் மோல்-ராட் குடும்பமாக வாழ்வது. ஒரு வளைக்கூட்டத்தில் பத்துக்கும் மேற்பட்டவை இருக்கலாம். அவற்றுள் ஒரே ஒரு பெண் மட்டும் குட்டி போடும். ஒன்றைப் பிடித்துவிட்டுச் சிக்கல் தீர்ந்தது என்று எண்ணுபவர்கள் ஏமாறுவது இதனால்தான். இவை தண்ணீர் குடிப்பதில்லை. வேண்டிய நீரைக் கிழங்கிலிருந்தே எடுத்துக்கொள்கின்றன. தின்றது போக மிஞ்சியதைக் கிடங்கறையில் சேர்த்து வைக்கின்றன. தமிழ்நாட்டில் அறுவடைக்குப் பின் இருளர்கள் வயலெலி வளையைத் தோண்டிப் படி படியாக நெல் எடுப்பார்கள் என்று கேள்விப்பட்டவர்களுக்கு இது வியப்பாக இராது. கேப் பகுதியின் மணல்வெளிகளில் வாழும் டியூன் மோல்-ராட் ஒரு கிலோவுக்கு மேல் வளரக்கூடியது. அது பல்லால் அல்லாமல் முன்கால் நகங்களால் தோண்டுகிறது, தனித்து வாழ்கிறது. காணொளிகளில் பலரும் பார்த்திருக்கும் மயிரற்ற மோல்-ராட் நம் நாட்டிலேயே இல்லை. கென்யா, எத்தியோப்பியா, சோமாலியா ஆகிய நாடுகளுக்கு உரியது. தேனீக்களைப் போல ஓர் அரசியும் வேலைக்காரர்களுமாக அது வாழ்கிறது என்பதை 1981இல் உலகுக்கு எடுத்துச் சொன்னவர் மட்டும் நம் நாட்டில் பணிபுரிந்தவர்: கேப் டவுன் பல்கலைக்கழகத்தின் ஜெனிஃபர் ஜார்விஸ். கலஹாரி மணலில் வாழும் டமாராலேண்ட் மோல்-ராட்டும் ஏறக்குறைய அதே ஒழுங்கில் வாழ்வது பின்னர் தெரியவந்தது.

மோல்-ராட்டிடமிருந்து கிழங்கைக் காப்பாற்ற நான் கண்ட ஒரே நிலையான வழி கம்பிவலை. இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் அரைகுறையாகச் செய்தால் பணமும் உழைப்பும் வீணாகும். கோழிக்கூண்டுக்குப் பயன்படுத்தும் அறுகோணக் கண் வலை வேண்டாம்; அது மெல்லியது, நம் கடற்கரை ஈரத்தில் விரைவில் துருப்பிடிக்கும், கண்ணும் பெரியது. ஹார்ட்வேர் கடையில் துத்தநாகப் பூச்சுள்ள, பற்றவைத்த சதுரக்கண் வலை என்று கேளுங்கள். கண் 12 மில்லிமீட்டர் அல்லது அதற்குக் குறைவாக இருக்க வேண்டும். பாத்தியின் மண்ணை முழங்கால் ஆழத்துக்கு எடுத்துவிட்டு, வலையை அடியில் விரித்து, நான்கு பக்கமும் மேலே மடக்கித் தரைமட்டத்துக்கு மேல் ஒரு சாண் நிற்கும்படி விடுங்கள். இரண்டு வலைத்துண்டுகள் சேரும் இடத்தில் ஒன்றன்மேல் ஒன்று ஒரு சாண் ஏறியிருக்குமாறு வைத்துக் கம்பியால் நெருக்கமாகக் கட்டுங்கள். மோல்-ராட் வலையைக் கடிப்பதை விட இடைவெளியைத் தேடுவதில்தான் கெட்டிக்காரத்தனம் காட்டும். மூலை மடிப்பில் இரண்டு விரல் நுழையும் சந்து இருந்தால் போதும். பிறகு மண்ணை நிரப்பிப் பயிரிடலாம்.

நிலம் முழுவதையும் இப்படி வலையிட முடியாது. பெரியப்பாவும் அப்படிச் செய்யவில்லை. காரட்டும் விதை உருளையும் போடும் பாத்திகளுக்கு மட்டும் வலை; சர்க்கரைவள்ளியை வலைக்கு வெளியே விட்டுவிட்டு, முற்றியதும் தாமதிக்காமல் தோண்டி எடுத்துவிடுவார். 'மண்ணுக்குள்ள விட்டு வெச்சா அதோட பங்கு, வெளிய எடுத்தா நம்ம பங்கு' என்பது அவர் கணக்கு. நிலத்தின் ஓரத்தில் ஒரு துண்டைப் பயிரிடாமல் புதராகவே விட்டிருக்கிறார். காட்டுக் கிழங்குகளும் புல்வேர்களும் அங்கே இருப்பதால் கூட்டத்தின் நடமாட்டம் பெரும்பகுதி அங்கேயே அடங்கிவிடுகிறது. இது எல்லா நிலத்துக்கும் பொருந்துமா என்பது வேறு. அவருடைய நிலத்தில் பொருந்தியிருக்கிறது.

மற்ற வைத்தியங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஹோஸ் பைப்பை வளைக்குள் விட்டு மணிக்கணக்கில் தண்ணீர் பாய்ச்சுபவர்கள் உண்டு. வளையோ பல திசைகளில் கிளை பிரிந்து ஓடுவது. தண்ணீர் எங்கோ வடிந்துவிடும். கடற்கரையோர வீடுகள் பல பெரியா செம்மணல் சரிவுகளில் கட்டப்பட்டவை. அந்த மண் நீரில் எளிதாகக் கரையும். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் இந்த மாநிலத்தில் 400க்கும் மேற்பட்டோர் இறந்ததையும், சரிவுகள் வீடுகளோடு இடிந்து இறங்கியதையும் கண்ட பிறகும், மதிலுக்குப் பின்னால் நாமே தண்ணீரைத் தேக்குவது மலையைக் கெல்லி எலியைப் பிடிக்கும் வேலையை விடவும் மோசமானது. கார்ப் புகையை வளைக்குள் விடுவது, வீட்டுக்கு அருகில் வளை இருந்தால், வீட்டிலிருப்பவர்களின் உயிருக்கே ஆபத்து. அந்துருண்டை, பூண்டு, தரையில் குத்தும் ஒலிக்கருவி ஆகியவற்றால் இடம்பெயர்ந்ததை நான் எங்கும் பார்க்கவில்லை.

மருந்து வைப்பதைப் பற்றி மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. டாக்ஸி நிலையங்களிலும் தெருவோரச் சந்தைகளிலும் பெயர் ஒட்டாத சிறு பொட்டலங்களிலும் புட்டிகளிலும் விற்கப்படும் எலிமருந்து, உண்மையில் வயல்வெளிக்கென்று தயாரிக்கப்பட்ட கொடிய பூச்சிக்கொல்லி. 'டூ ஸ்டெப்' என்று சொல்லி விற்கப்படும் அல்டிகார்ப் அந்த வகை. டெர்புஃபோஸும் அந்த வகை. 2024 அக்டோபரில் சோவெட்டோவின் நலேடியில் ஆறு குழந்தைகள் இறந்ததற்கு டெர்புஃபோஸே காரணம் என்று அரசு உறுதிப்படுத்தியது. எலிக்கென்று வீட்டுக்குள் வரும் அந்த மணிகள் குழந்தையின் கைக்கும் தின்பண்டத்துக்கும் போய்ச்சேர அதிக நேரம் ஆகாது. கடையில் முறையாக விற்கப்படும், இரத்தம் உறையாமல் செய்யும் எலிமருந்தும் பொன் அகழெலிக்குப் பயன்படாது. தானியத்தில் செய்த மருந்தைப் பூச்சியுண்ணி ஏன் தொடப்போகிறது? அதைத் தின்பவை வேறு எலிகள். அந்த எலிகளைத் தின்னும் கூகையும் ஆந்தையும் கீரியும் நம் பூனையும் அடுத்துச் சாகும். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் மோலுக்கென்று வைத்த மருந்தால் இறந்தது அவர்கள் வளர்த்த நாய். புல்தரை வரம்புகள் அடுத்த மழைக்கும் எழும்பின.

வளைகளில் கை விடக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரிந்த அறிவுரை. ஏன் என்பதையும் தெரிந்துகொண்டால் மறக்காது. இந்தக் கடற்கரைப் பகுதியில் ஸ்டிலெட்டோ பாம்பு பரவலாக இருக்கிறது. மண்ணுக்கடியில் வாழ்வது, கரும்பழுப்பு நிறம், பெரும்பாலும் முழ நீளத்தை அதிகம் தாண்டாதது, பார்ப்பதற்கு நஞ்சற்ற குருட்டுப் பாம்பு போலத் தோன்றும். வெப்பமான இரவுகளில், மழைக்குப் பின், அது மேலே வரும். பாத்தி கொத்தும்போதும் இலைக்குவியலை அள்ளும்போதும் கையில் படும். வாயை மூடியபடியே பக்கவாட்டில் நச்சுப்பல்லை நீட்டிக் குத்தக்கூடியது என்பதால், தலைக்குப் பின்னால் பிடித்தாலும் கடிபடாமல் இருக்க முடியாது. உயிர் போவதில்லை என்றாலும் வலி கடுமையானது, தசை அழுகி விரலையே இழக்க நேரிடலாம். இந்நாட்டில் கிடைக்கும் பாம்புக்கடி மாற்றுமருந்து இதற்குப் பயன்படுவதில்லை. கடிபட்டால் மோதிரத்தை உடனே கழற்றிவிட்டு, கட்டுப் போடாமல், கீறாமல், பனிக்கட்டி வைக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். தோட்ட வேலைக்குக் கனமான கையுறையும், இலைகளை அள்ள நீண்ட கைப்பிடியுள்ள வாரியும் வைத்துக்கொள்ளுங்கள். வளைகளில் புகுந்து மோல்-ராட்டைப் பிடித்துத் தின்னும் மோல் பாம்பு என்ற பெரிய பாம்பும் உண்டு. நஞ்சற்றது, கடித்தால் காயம் ஆழமாக இருக்கும். அதைக் கண்டால் அடிக்காமல் வழிவிட்டால், மோல்-ராட்டுக்கு வேறு மருந்து தேட வேண்டியிராது.

மேட்டு நிலத்தில் பயிரிடுபவர்கள் மோல் மீது சுமத்தும் பழியில் ஒரு பங்கு முள்ளம்பன்றிக்கு உரியது. அதுவும் வளையில் வாழ்வதுதான். பகலெல்லாம் இணையாக உள்ளே கிடந்து இரவில் பூசணிக்கும் மடும்பிக்கும் வரும். மோல்-ராட் கீழிருந்து எடுக்கும். முள்ளம்பன்றி மேலிருந்து கிளறும். பாத்தியில் திறந்த குழிகளும், கடித்துப் போட்ட தோலும், சில சமயம் கருப்பு வெள்ளை முள் ஒன்றும் கிடந்தால் கம்பிவலையைப் புதைப்பதால் பயனில்லை, வேலிதான் வேண்டும்.

வளை தோண்டும் விலங்குகளில் என் மதிப்பில் உயர்ந்து நிற்பது ஆர்ட்வார்க். நேட்டால் விவசாயிகள் ஆண்ட்-பேர் என்று சொல்வது. நாற்பது கிலோவுக்குக் குறையாத உடல், கறையானையும் எறும்பையும் நக்கியே நிரம்பும் வயிறு, இரவில் மட்டும் நடமாட்டம். அதன் வளையில் விழுந்து மாட்டின் கால் முறியும், வேலிக்கடியில் வழி திறக்கும், அணைக்கரையைத் துளைக்கும் என்று பண்ணைக்காரர்கள் அதை வெறுப்பதுண்டு. அந்த இழப்புகளை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அது தோண்டிவிட்டுப் போன வளையை நம்பித்தான் பாதிக் காடு வாழ்கிறது. காட்டுப்பன்றி இனமான வார்ட்ஹாக் அதில் பின்புறமாக நுழைந்து, கோரைப்பல் வாசலை நோக்கியிருக்கப் படுத்துக்கொள்ளும். வெளியேறும்போது பாய்ந்துதான் வெளியேறும். அதனால் பெரிய வளையின் வாய்க்கு நேர் எதிரே ஒருபோதும் நின்று எட்டிப் பார்க்காதீர்கள்; பக்கவாட்டில் நில்லுங்கள். குழந்தைகளையும் அப்படியே பழக்குங்கள். மலைப்பாம்பு அதற்குள் முட்டையிட்டு, பொரித்த குட்டிகளோடும் சில நாள் தங்கியிருப்பதை, டினோகெங் காப்பகத்தில் விட்ஸ் பல்கலைக்கழகத்தின் கிரஹாம் அலெக்ஸாண்டர் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். மிட்லாண்ட்ஸின் மூடுபனிப் புல்வெளிகளில் அழிவின் விளிம்பில் இருக்கும் நீலத் தகைவிலான், ஆர்ட்வார்க் வளைகளின் உட்கூரையில் மண்ணால் கூடு ஒட்டுகிறது. புல்வெளி காடுவளர்ப்புக்கும் கரும்புக்கும் போனதால் அந்தப் பறவைக்கு எஞ்சியிருக்கும் இடம் மிகக் குறைவு.

பாதைக்கு நடுவிலோ அணைக்கரையிலோ இருக்கும் ஒரு வளையை மூடியே ஆக வேண்டிய கட்டாயம் வந்தால், முதலில் வாசலில் நுண்மணலைத் தூவிச் சமப்படுத்திவிட்டுச் சில இரவுகள் காத்திருங்கள். காலடித் தடம் எதுவும் விழாமல், குறுக்கே சிலந்திவலை கலையாமல் இருந்தால் உள்ளே விலங்கு இல்லை. ஆனால் தகைவிலான் தரையில் தடம் பதிக்காது. ஆகவே மிட்லாண்ட்ஸ் புல்வெளியானால் செப்டம்பர் இறுதியிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை, தகைவிலான்கள் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் காலத்தில், எந்த வளையையும் தொட வேண்டாம். அவை வடக்கே போன பிறகு, மண்ணைக் கொட்டுவதற்கு முன் பக்கவாட்டில் நின்று விளக்கடித்து உட்கூரையைப் பாருங்கள். கூடு இருந்தால் அடுத்த பருவத்திலும் அதே வளைக்கு அவை திரும்பி வரலாம். அந்த வளையை விட்டுவிட்டுப் பாதையைச் சில அடி தள்ளிப் போடுவதே முறை.